‘சைன்’ யார் வீட்டுச் சொல்?

அறிவியல் என்பது ஆங்கிலத்தின் உடைமை என்று ஒரு சாராரும், அறிவியல் முழுவதும் அரபு மொழி ஈன்ற பிள்ளை என்று மற்றொரு சாராரும் நம்மிடையே பேசி வருகின்றனர். முன்னவர், பிள்ளைகளின் நாவிலிருந்து தாய்மொழியை அகற்றுவதே கல்வியின் முதற்படி என்று கருதுகின்றனர். பின்னவர் மேடையேறி, மேல்நாட்டார் வைத்திருப்பதெல்லாம் நம்மிடமிருந்து களவாடப்பட்டவை என்று முழங்கிக் கைதட்டல் பெற்று இறங்கிவிடுகின்றனர். இவ்விரு சாராரும் எதிரெதிர் நிற்பவர்போல் தோன்றினாலும் ஒரே பிழையின் இரு கிளைகளே ஆவர். சொல்லை நிலபுலன்போல் ஒருவருக்குப் பட்டா எழுதித் தரலாம் என்பதே அப்பிழை. அந்தச் சொல் எந்த அறிவைச் சுமந்து வந்தது என்று இருவருமே கேட்பதில்லை.

இருவரையும் மறுக்க ஒரு சொல் போதும். கணித நூல்களிலும் தொழிற்கூடங்களிலும் நாள்தோறும் வழங்கும் ‘சைன்’ என்னும் சொல்லே அது.

இச்சொல்லை ஆராய ஓசூரைவிடப் பொருத்தமான ஊர் வேறில்லை. 1970களில் சிப்காட் தொழில் வளாகம் அங்கே உருவாயிற்று. 1980இல் அசோக் லேலண்டு லாரிகளும் டி.வி.எஸ். மொபெட்டுகளும் ஓசூரில் உருவாகத் தொடங்கின. அப்பத்தாண்டு முடிவதற்குள் டைட்டன் கைக்கடிகாரமும் வந்து சேர்ந்தது. இப்பெரிய ஆலைகளைச் சுற்றி, ஜூஜூவாடி எல்லை வரையிலும் சிறு பட்டறைகளும் கருவி அறைகளும் பெருகின. கிருஷ்ணகிரியிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் நம் பிள்ளைகள் தொழிற்பயிற்சி முடித்து அங்கே பணிக்குச் செல்கின்றனர். அவர்கள் கையாளும் கருவிகளுள் ஒன்று ‘சைன் பார்’ என்பதாகும்.

அது என்ன கருவி? நன்கு தீட்டப்பட்ட ஓர் எஃகுச் சட்டம். அதன் இரு முனைகளிலும் ஒரே அளவான இரண்டு உருளைகள். உருளைகளின் மையங்களுக்கு இடைப்பட்ட தொலைவு துல்லியமாக 100 அல்லது 200 மில்லிமீட்டர் என்று அமைக்கப்பட்டிருக்கும். ஓர் உருளையைச் சமதளத்தில் இருத்தி, மற்றோர் உருளைக்குக் கீழே ‘ஸ்லிப் கேஜ்’ எனப்படும் எஃகுத் துண்டுகளை அடுக்கினால் சட்டம் சாய்கிறது. அடுக்கின் உயரத்தைச் சட்டத்தின் நீளத்தால் வகுத்தால் கிடைப்பது அச்சாய்வுக் கோணத்தின் சைன். 200 மில்லிமீட்டர்ச் சட்டத்தை 30 பாகை சாய்க்க வேண்டுமாயின் 100 மில்லிமீட்டர் உயரம் அடுக்க வேண்டும்.

இதனைத் தவறின்றிச் செய்யும் இளைஞரிடம் ‘சைன் என்றால் என்ன, தம்பி?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுப்பது’ என்பார். சரியான விடைதான். ‘அதற்கு ஏன் அந்தப் பெயர்?’ என்று மேலும் கேட்டால், ‘அது இங்கிலீஷ் வார்த்தை’ என்பதோடு நிறுத்திக்கொள்வார். அவர்மீது குற்றமில்லை. அவருக்குக் கற்பித்தவரும் அவ்வாறே கற்றவர். ஆனால், ‘இது இங்கிலீஷ் வார்த்தை’ என்னும் அந்த விடையில்தான் நம் சமுதாயத்தின் அறிவுத் தாழ்வுணர்ச்சி முழுவதும் ஒளிந்திருக்கிறது.

முதலில், அது ஆங்கிலச் சொல்லன்று. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் ஆங்கிலம் அதனை ஏற்றது, லத்தீனிலிருந்து ஏற்றது. லத்தீனில் அது ‘சைனஸ்’ என்று எழுதப்பட்டது. ஓசூரின் குளிரில் மூக்கடைப்பும் தலைவலியுமாக மருத்துவரிடம் சென்றோர் அனைவரும் இச்சொல்லை அறிவர். முக எலும்புகளுக்குள் இருக்கும் குழிவான அறைகளுக்கு மருத்துவர் இட்ட பெயரும், கணிதத்தில் வழங்கும் பெயரும் ஒரே லத்தீன் சொல்லே. வளைவு, குழிவு, கடலின் குடா, ஆடையின் மடிப்பு, அம்மடிப்பு மூடிய மார்பு என்பன அதன் பொருள்கள். பண்டை உரோமர் தம் மேலாடையின் மார்பு மடிப்பில் சிறு பொருள்களை வைத்துக்கொள்வது வழக்கம். நம் முன்னோர் மடியில் காசு முடிந்ததைப்போல.

இங்கே அறிவுள்ளவன் ஒருவன் ஐயுற வேண்டும். முக்கோணத்திற்கும் ஆடை மடிப்புக்கும் என்ன உறவு? யாதொரு உறவும் இல்லை. ஒரு பெயருக்கும் அது குறிக்கும் பொருளுக்கும் எவ்வகையிலும் தொடர்பு காண இயலவில்லை எனின், அப்பெயர் அங்கே பிறக்கவில்லை, வேறிடத்திலிருந்து வந்தது என்று துணியலாம். லத்தீன் சொல் ஒரு மொழிபெயர்ப்பு. எதன் மொழிபெயர்ப்பு? ‘ஜைப்’ என்னும் அரபுச் சொல்லின் மொழிபெயர்ப்பு.

‘ஜைப்’ என்பதை நம் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை. மூஸா நபி (அலை) அவர்கள் தம் கையை ஆடைக்குள் நுழைத்து வெளியே எடுத்தபோது அது வெண்மையாய் ஒளிர்ந்த வரலாற்றைத் திருக்குர்ஆன் ‘அந்நம்ல்’, ‘அல்கஸஸ்’ அத்தியாயங்களில் கூறுமிடத்து இச்சொல்லே இடம்பெறுகிறது. சட்டையின் மார்புத் திறப்பு என்பது அங்கே பொருள். ‘அந்நூர்’ அத்தியாயத்தில் இதன் பன்மை வருகிறது. பின்னாளில் சட்டைப் பைக்கும் இதுவே பெயராயிற்று. உருதுவில் ‘ஜேப்’, கன்னடத்தில் ‘ஜேபு’, தெலுங்கிலும் ‘ஜேபு’, தமிழில் ‘ஜேப்பு’. நம் நாளிதழ்களில் வரும் ‘ஜேப்படித் திருடன்’ இதன் வழியே பிறந்தவன். நான்கு மொழிகளும் புழங்கும் ஓசூர்ச் சந்தையில், எம்மொழியாளர் தம் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினாலும் ‘சைன்’ என்னும் சொல்லின் உடன்பிறப்பையே உச்சரிக்கிறார். இதனை அறியாமலே நம் பிள்ளை அச்சொல்லை அந்நியச் சொல் என்று அஞ்சுகிறான்!

மேடைப் பேச்சாளர் இவ்விடத்தில் கதையை நிறுத்திவிடுவார். ‘கண்டீர்களா, சைன் என்பது அரபுச் சொல், மேல்நாட்டார் நம்மிடம் எடுத்தது’ என்று அவர் உரையை முடித்துக்கொள்வார். ஆயின், லத்தீனை நோக்கி நாம் எழுப்பிய அதே வினாவை அரபை நோக்கியும் எழுப்புவதன்றோ நேர்மை? சட்டைப் பைக்கும் முக்கோணத்திற்கும் என்ன உறவு? அங்கும் இல்லை. எனவே இக்கணிதச் சொல் அரபிலும் பிறக்கவில்லை.

அது பிறந்த இடம் நம் பாரத நாடு. வட்டத்தின் ஒரு பகுதியை வில்லாகவும், அதன் இரு முனைகளையும் இணைக்கும் நேர்கோட்டை நாணாகவும் கண்ட நம் நாட்டு வானநூலார், நாணுக்கு வடமொழியில் ‘ஜ்யா’ என்றும் ‘ஜீவா’ என்றும் பெயரிட்டனர். கிரேக்க அறிஞர் தாலமி முழு நாணின் நீளங்களையே அட்டவணைப்படுத்தியிருந்தார். பாதி நாணை எடுத்துக்கொண்டால் கணக்கு எளிதாகும் என்று கண்டது இந்திய வழி. ‘அர்த்த ஜ்யா’, அதாவது அரை நாண் என்பது நாளடைவில் சுருங்கி ‘ஜ்யா’ என்றே நின்றது. 499இல் ஆரியபட்டர் இயற்றிய நூலில் இவ்வரை நாண்களின் வேறுபாடுகள் 24 எண்களாகத் தரப்பட்டுள்ளன.

அதனை நாமே சோதித்துப் பார்க்கலாம். அவர் கொண்ட ஆரம் 3438. ஒவ்வொரு படியும் 3¾ பாகை. எட்டுப் படிகள் சேர்ந்தால் 30 பாகை. முதல் எட்டு எண்கள் 225, 224, 222, 219, 215, 210, 205, 199. இவற்றைக் கூட்டினால் 1719. அது 3438இல் சரிபாதி. ஏன் சரிபாதி? மையத்தில் 60 பாகை கொண்ட வில்லை வரைந்தால், இரு ஆரங்களும் நாணும் சேர்ந்து சமபக்க முக்கோணமாகும். ஆதலால் நாணின் நீளம் ஆரத்தின் நீளமே. அந்த நாணையும் வில்லையும் பாதியாக்கினால், 30 பாகைக்கு அரை ஆரம். ஓசூர்ப் பட்டறையில் 200 மில்லிமீட்டர்ச் சட்டத்தின் கீழ் நம் இளைஞர் அடுக்கிய 100 மில்லிமீட்டர், ஆரியபட்டரின் 1719ஏ அன்றி வேறன்று.

இனி, நாண் எவ்வாறு சட்டைப் பை ஆயிற்று என்பதைக் காண்போம். 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கலீஃபா அல்மன்சூரின் ஆட்சியில், இந்திய வானநூல் பக்தாதை அடைந்து அரபில் பெயர்க்கப்பட்டது. அறிஞர்கள் ‘வில்’லுக்குக் ‘கவ்ஸ்’ என்றும், ‘அம்பு’க்கு ‘ஸஹ்ம்’ என்றும் தம் மொழியில் நேரிய சொற்களை இட்டனர். முழு நாணுக்கு ‘வதர்’ என்பது இருந்தது. அரை நாணை அதனின்று வேறுபடுத்திக் காட்டும்பொருட்டு ‘ஜீவா’ என்னும் வடசொல்லை ஒலிபெயர்த்து, வகரத்தைப் பகரமாக்கி எழுதினர். ஜீம், யே, பே என்னும் மூன்றெழுத்துகள். ஸபர், ஸேர் முதலிய உயிர்க்குறிகளை இடாமல் எழுதுவது அரபு வழக்கம். அம்மூன்றெழுத்துகளை ‘ஜீப்’ என்றும் படிக்கலாம். ‘ஜைப்’ என்றும் படிக்கலாம். முன்னதற்கு அரபில் பொருளில்லை; பின்னதற்கு உண்டு. அறியாத ஒலியை அறிந்த சொல்லாகப் படித்துக்கொள்வது மனித இயல்பு. எனவே ‘ஜைப்’ நிலைத்தது. அதற்கு ‘ஜுயூப்’ என்று பன்மையும் வந்துவிட்டது.

12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டில் அரபு நூல்களை லத்தீனில் பெயர்த்தவர்கள் இச்சொல்லுக்கு நேரான ‘சைனஸ்’ என்பதை இட்டனர். அதனை முதலில் இட்டவர் தொலேதோ நகரில் பணியாற்றிய கிரிமோனா ஊர் ஜெரார்டா, செஸ்டர் ஊர் ராபர்ட்டா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவராயினும் ஆகுக. ‘அரபு தெரியாத மூடர்கள் தவறாகப் பெயர்த்தனர்’ என்று நம்மவர் சிலர் நகைப்பது முறையன்று. அகராதியைத் திறந்து பாருங்கள். ‘ஜைப்’ என்பதற்கு ‘சைனஸ்’ மிகச் சரியான சொல். மடிப்புக்கு மடிப்பு, மார்புக்கு மார்பு, பைக்குப் பை. நாணை மறந்தது அவர்களுக்கு முன்பே நடந்துவிட்டது. மேலும், பெயர் மாறியதால் கணக்கில் ஒரு புள்ளியும் மாறவில்லை. சொல் வழுக்கினாலும் பொருள் வழுக்காமல் ஐந்து நாகரிகங்களைக் கடந்து வந்ததே, அதுவே வியப்பிற்குரியது.

‘அப்படியாயின் அரபு மக்களின் பங்கு வெறும் எழுத்துப் பிழைதானா?’ என்று மேடைப் பேச்சாளர் சினந்து கேட்கலாம். அன்று. பொய்ப் பெருமையை விலக்கினால்தான் மெய்ப் பெருமை கண்ணில் படும். ரக்காவில் வாழ்ந்த அல்பத்தானீ வானநூற் கணக்குகளில் அரை நாணையே முறையாகக் கையாண்டார். பக்தாதின் அபுல் வஃபா 10ஆம் நூற்றாண்டில் இன்று நம் பிள்ளைகள் கற்கும் ஆறு கோண விகிதங்களையும் ஒருங்கே ஆண்டார். 13ஆம் நூற்றாண்டில் நஸீருத்தீன் தூஸீ, முக்கோணக் கணிதத்தை வானநூலின் ஏவலாளாக இல்லாமல் தனிக் கலையாக நிறுத்தி நூல் செய்தார். எந்த ஊரில் நின்றாலும் கிப்லாவின் திசையைக் கணிக்க வேண்டும் என்னும் மார்க்கத் தேவையும் இக்கலையை வளர்த்தது. ஓசூர்ப் பள்ளிவாசலின் மிஹ்ராபு எத்திசை நோக்க வேண்டும் என்பதும் சைன் வழியே தீரும் கணக்கே.

அவர்கள் யாவரும் வாங்கியதை வாங்கியது என்று ஒப்புக்கொண்டவர்கள். இந்திய வானநூலுக்கு அவர்கள் இட்ட பெயரே ‘ஸிந்துஹிந்த்’. அல்பிரூனீ வடமொழி கற்று, 11ஆம் நூற்றாண்டில் இந்தியரின் அறிவைப் பற்றிப் பெருநூல் எழுதினார். அவர் வழிவந்தோம் என்று கூறிக்கொள்ளும் நாமோ, அடுத்த தெருவில் வழங்கும் கன்னடத்தையும் கற்க மறுத்துவிட்டு, உலக அறிவெல்லாம் நமதே என்கிறோம். ‘கெமிஸ்ட்ரி’ என்பது ‘கீமியா’விலிருந்து வந்தது உண்மை; அந்தக் ‘கீமியா’ கிரேக்கத்திலிருந்து அரபுக்கு வந்தது என்பதை மேடையில் ஏன் மறைக்கிறோம்? ‘அல்ஜீப்ரா’ அரபுதான்; ‘அல்காரிதம்’ அல்குவாரிஸ்மீயின் பெயர்தான். ஆனால் அதே அல்குவாரிஸ்மீ இந்திய எண்களைக் குறித்து நூல் எழுதியவர் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டாமா? பாதி உண்மையைச் சொல்லி வளர்க்கப்படும் பிள்ளை, மறுபாதியைப் பிறர் வாயிலாகக் கேட்கும் நாளில் நம்மை நம்பமாட்டான்.

இனி, ஆங்கிலமே அறிவு என்பாரிடம் வருகிறேன். அவர் கூறுவர்: ‘ஐயா, தொழிற்சாலையில் வரும் வரைபடம் ஜெர்மனியிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வருகிறது. அதில் சைன் என்றுதான் இருக்கிறது. நாண் என்று எழுதினால் யாருக்குப் புரியும்?’ நியாயமான வாதம். குறியீட்டை மாற்ற நான் கூறவில்லை. கணக்கிடும் கருவியின் பொத்தானில் உள்ள மூன்றெழுத்துச் சுருக்கம் அப்படியே இருக்கட்டும். அதே மூன்றெழுத்து ஆங்கிலத்தில் ‘பாவம்’ என்றும் பொருள்படும். அதற்காக ஆங்கிலேயர் அதனை மாற்றிக்கொண்டாரா? குறி உலகப் பொதுவாய் இருப்பது நன்று. பொருளைத் தாய்மொழியில் கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

கொடுப்பதற்குத் தமிழில் சொல் உண்டா என்று ஐயுற வேண்டாம். நம் பள்ளிக் கணித நூலில் வட்டப் பாடத்தைத் திறந்தால் ‘வில்’லும் ‘நாணும்’ முன்னரே அங்கே இருக்கின்றன. சில பக்கங்கள் தள்ளி, வேறோர் அத்தியாயத்தில் ‘சைன்’ தனியே நிற்கிறது. சைன் என்பது அரை நாண் என்று ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் இரண்டு பாடமும் ஒன்றாகியிருக்கும். அந்த ஒரு வரி இல்லாமையால், அறிந்த நாணுக்கும் அறியாத சைனுக்கும் இடையே ஆயிரக்கணக்கான பிள்ளைகள் தடுமாறி, ‘கணக்கு நமக்கு வராது’ என்று ஒதுங்குகின்றனர்.

தாய்மொழி இக்கலையைத் தாங்காது என்பார்க்கு வரலாறே விடை. 14ஆம் நூற்றாண்டில் சங்கமகிராமத்து மாதவர் அரை நாணை முடிவிலாத் தொடராகக் கண்டார். ஐரோப்பா அதனைக் காண இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அத்தொடரின் நிறுவல்களை 16ஆம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர் எழுதிய ‘யுக்திபாஷா’ விளக்குகிறது. அது எம்மொழி நூல்? மலையாள நூல். தமிழின் உடன்பிறந்த மொழி அன்று சுமந்த சுமையைத் தமிழ் சுமக்காதோ?

ஓசூருக்கே உரிய சான்றும் ஒன்று உண்டு. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராஜாஜி, சேலத்தில் வழக்கறிஞராயிருந்த காலத்தில், 1916இல் அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென ஒரு கழகம் கண்டார்; பின்னர்த் ‘திண்ணை ரசாயனம்’ என்று வேதியியலைத் தமிழில் எழுதினார். அவருடைய அரசியலில் நமக்கு உடன்பாடு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் நூறாண்டுகளுக்கு முன் இம்மண்ணில் பிறந்த ஒருவர் தொடங்கிய வேலை, இத்தனை ஆலைகள் வந்த பிறகும் அதே மண்ணில் ஏன் தொடரவில்லை என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

லத்தீன் என்றதும் நடுங்குவோர் கிருஷ்ணகிரி மாந்தோப்புகளுக்கும் ஒருமுறை செல்லட்டும். மாமரத்திற்கு 1753இல் லின்னேயஸ் அளித்த அறிவியற் பெயர் ‘மாங்கிஃபெரா இண்டிகா’. ‘மாங்காய்’ என்னும் நம் தென்னாட்டுச் சொல்லைப் போர்த்துகீசியர் ‘மங்கா’ என்று கொண்டு சென்றனர். அதனுடன் ‘தாங்குவது’ எனப் பொருள்படும் லத்தீன் ஈறு சேர்ந்தது. மாங்காய் தாங்கும் மரம், இந்தியாவினது. காவேரிப்பட்டணத்து உழவர் சொல்லும் அதே மாங்காய்தான் உலகத் தாவரநூல்களில் லத்தீன் உடையில் உலவுகிறது.

ஆகவே, பெற்றோர்க்கும் ஜமாஅத் பொறுப்பாளர்க்கும் கூறுவது இதுவே. நம் மக்தபுகளில் உயிர்க்குறியின்றி அரபு படிக்கக் கற்பிக்கும் உஸ்தாத் ஒருவர் இருக்கிறார். நம் பள்ளிகளில் முக்கோணக் கணிதம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். பட்டறையில் சைன் பாரைக் கையாளும் இளைஞர் ஒருவர் இருக்கிறார். ஒரே சொல்லின் மூன்று துண்டுகளை இம்மூவரும் தனித்தனியே வைத்துக்கொண்டிருக்கின்றனர். ஒருவரையொருவர் சந்தித்ததேயில்லை. ஆண்டுக்கொருமுறை பெருமை பேசும் மாநாட்டுக்குப் பந்தல் போடும் செலவில் ஒரு பகுதியை, மாதமொருமுறை இம்மூவரையும் மாணவ மாணவியர் முன் அமர்த்துவதற்குச் செலவிடுங்கள். உஸ்தாத் மூன்றெழுத்தைப் பலகையில் எழுதட்டும். ஆசிரியர் வில்லையும் நாணையும் வரையட்டும். இளைஞர் சட்டத்தைச் சாய்த்துக் காட்டட்டும்.

நாண் என்று பிறந்து, பை என்று பெயர் மாறி, மடிப்பு என்று வேடம் பூண்டு, இன்று எஃகுச் சட்டத்தின் பெயரில் வாழும் இச்சொல்லுக்கு எந்த இனத்தாரும் பட்டா கோர முடியாது. தொடுத்தவர் ஒருவர், சுமந்தவர் பலர். நம் முன்னோர் அச்சுமையைத் தோள்மாற்றித் தந்த காலத்தில் பெருமை பேசவில்லை, கணக்குப் போட்டுக்கொண்டிருந்தனர். அவர்களுடைய பிள்ளைகள் நாம் என்பதைக் காட்ட விரும்பினால், நாமும் செய்யத்தக்கது அதுவே.